சோலார் டேங்கில் சுடுகிறது, குளியலறையில் வெதுவெதுப்பு: பெங்களூரு வீட்டு வெந்நீர்ச் சிக்கல்

பானஸ்வாடி மாடிவீடு

எல்லோருக்கும் வணக்கம். வீடு 30-க்கு 40 மனை, தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும். கீழே அப்பா அம்மா, முதல் மாடியில் நாங்கள், இரண்டாம் மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். மொட்டை மாடியில் 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. கண்ணாடிக் குழாய் வகை, பிரஷர் இல்லாத சாதா டேங்க். வீடு கட்டியபோது பெஸ்காம் மின் இணைப்பு வாங்குவதற்காகப் போட்டது.

குளிர் ஆரம்பித்ததிலிருந்து ஒரே தலைவலி. காலையில் முதலில் எழுந்து குளிப்பவருக்கு நல்ல சூடாக வருகிறது. அடுத்த ஆள் போனால் வெதுவெதுப்பு. கீழே அம்மா சமையலறைக் குழாயைத் திறந்தால் அதுவும் வெதுவெதுப்புதான். இரண்டாம் மாடிக்காரர்கள் மட்டும் வாயே திறக்கவில்லை, அவர்களுக்கு ஓரளவு வருகிறது போல. வானம் தெளிவாக இருக்கிறது, மேகமூட்டம் என்று சொல்ல முடியாது. கண்ணாடிக் குழாய்களைத் துணியால் துடைத்தும் விட்டேன்.

சர்வீஸுக்கு வந்தவர் எல்லாக் குழாய்களையும் மாற்றணும் என்கிறார். இன்னொருவர் உள்ளே உப்பு படிந்திருக்கும், ஆசிட் விட்டுக் கழுவணும் என்கிறார். மூன்றாமவர் இதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு ஹீட் பம்ப் போடச் சொல்கிறார். மூவரும் மாடிக்கு ஏறி, இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னதுதான். எதை நம்புவது?

அல்சூர்க்காரன்

குழாய்தான் சார். ஒவ்வொரு குழாயின் கீழ் நுனியையும் பாருங்கள். கண்ணாடி போலப் பளபளவென்று வெள்ளி நிறத்தில் இருந்தால் உள்ளே வெற்றிடம் அப்படியே இருக்கிறது. பால் ஊற்றினது மாதிரி வெள்ளையாகிவிட்டால் காற்று புகுந்துவிட்டது, அந்தக் குழாய் செத்தது. வெயில் நேரத்தில் தொட்டும் பார்க்கலாம். நல்ல குழாயின் வெளிக்கண்ணாடி சுடவே சுடாது, கெட்டது சுடும். பத்து வருஷம் ஆன சிஸ்டம் என்றால் நாலைந்தாவது போயிருக்கும்.

இன்னொன்று, மூன்று குடும்பத்துக்கு 200 லிட்டர் பற்றாது.

எச்.ஏ.எல். ஓய்வு

பற்றாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். இப்போது காலையில் தொட்டித் தண்ணீர் சுமார் 20 டிகிரி. டேங்கில் 60 டிகிரி இருந்தால், பாதிக்குப் பாதி கலந்தால் 40 டிகிரி, அதுதான் குளிக்கும் சூடு. 20 லிட்டர் வாளிக்கு 10 லிட்டர் வெந்நீர் போதும். 200 லிட்டரில் 20 வாளி. வாளிக் குளியல் என்றால் ஒன்பது பேர் தாராளமாகக் குளித்து, பாத்திரமும் கழுவலாம். ஷவரில் பத்து நிமிஷம் நின்றால் கணக்கு மாறும், அது வேறு விஷயம்.

பானஸ்வாடி தம்பி, யார் பேச்சையும் கேட்டு எதையும் கழற்றாதீர்கள். முதலில் அளவு எடுங்கள். சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று போதும், எஸ்.பி. ரோட்டில் மலிவாகக் கிடைக்கும். மூன்று அளவு வேண்டும். சாயங்காலம் நாலரை மணிக்கு மாடியில், டேங்கின் வெந்நீர் வெளிவரும் பக்கத்தில். மறுநாள் விடியற்காலை, யாரும் குழாய் திறக்கும் முன், அதே இடத்தில். அப்புறம் குளியல் எல்லாம் முடிந்ததும் மறுபடி அங்கேயும், கீழே சமையலறையிலும்.

சூடு உற்பத்தியாகவில்லையா, ராத்திரி வெளியேறுகிறதா, வழியில் தொலைகிறதா? இந்த மூன்றில் ஒன்றுதான் இருக்க முடியும். உங்கள் வீட்டுக்கு வந்த மூன்று பேரும் முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டார்கள்.

200 லிட்டரை 20-லிருந்து 60-க்குக் கொண்டுபோக 9.3 யூனிட் ஆற்றல் வேண்டும். அதைச் சூரியன் சும்மா கொடுத்துவிட்டதா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

சித்ரான்னம்

தெற்குப் பக்கம் புதுக் கட்டடம் ஏதாவது எழும்பியிருக்கிறதா? எங்கள் வீட்டில் அதுதான் கதை. மே மாதம் கைவைக்க முடியாத சூடு, டிசம்பரில் ஒன்றுமில்லை. காரணம் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாடி ஏற்றியிருந்தார்.

ஜூன் வாக்கில் பெங்களூருவில் நண்பகல் சூரியன் தலைக்கு மேலே, சற்று வடக்காகவே போகிறது. அப்போது தெற்குச் சுவர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. டிசம்பர் கடைசியில் நண்பகலில்கூட 54 டிகிரி உயரம்தான் ஏறும். பேனலைவிட 3 மீட்டர் உயர்ந்த சுவர் என்றால் உச்சி வேளையிலேயே இரண்டு மீட்டருக்கு மேல் நிழல் விழும், காலையிலும் மாலையிலும் அதைவிட நீளம். வெந்நீர் அதிகம் வேண்டிய மாதத்தில்தான் நிழல் வந்து உட்காரும். தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடிக் கம்பம், கேபிள்காரர் கட்டிவிட்டுப் போன கம்பி எல்லாவற்றையும் பாருங்கள்.

பானஸ்வாடி மாடிவீடு

நன்றி சார், நன்றி சித்ரான்னம். நிழல் இல்லை, தெற்கே சாலைதான். குழாய் நுனிகள் எல்லாம் வெள்ளியாகவே மின்னுகின்றன, வெயிலில் தொட்டாலும் சுடவில்லை.

அளவு எடுத்தேன். சாயங்காலம் டேங்க் 62. விடியற்காலை 56. குளியல் நடந்துகொண்டிருக்கும்போது சமையலறைக் குழாயில் 34! எல்லாம் முடிந்த பிறகு மாடியில் பார்த்தால் டேங்க் 41. நாங்கள் எடுத்தது ஏழெட்டு வாளிகூட இருக்காது.

எச்.ஏ.எல். ஓய்வு

பாருங்கள். 62 என்றால் உங்கள் குழாய்கள் ஜம்மென்று வேலை செய்கின்றன. ராத்திரி முழுக்க ஆறு டிகிரிதான் இறங்கியது என்றால் டேங்கைச் சுற்றி சூடு போகாமல் காக்கும் பஃப் ஃபோமும் கெடவில்லை. குழாய் மாற்றச் சொன்னவருக்கு வணக்கம் சொல்லி அனுப்பலாம்.

56 இருக்கும் டேங்கிலிருந்து கீழே 34 வருகிறது என்றால் வழியில் எங்கேயோ பச்சைத் தண்ணீர் சேர்கிறது. குழாய் வழியே சூடு விரயமாகும்தான், ஆனால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது இருபது டிகிரி போகாது. மேற்கொண்டு குழாய் வேலை தெரிந்தவர் சொல்லட்டும்.

குழாயும் குறடும்

ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருந்தேன், இந்த அளவுகளுக்காகத்தான் காத்திருந்தேன். இருபது வருஷமாக இந்த ஊரில் குழாய் வேலை செய்கிறேன். சோலார் சூடாகவில்லை என்று கூப்பிடும் வீடுகளில் பாதிக்கு மேல் சோலார் நன்றாகவே இருக்கும். கோளாறு கீழே குளியலறையில் இருக்கும்.

சில கேள்விகள். சமீபத்தில் ஏதாவது குளியலறையை இடித்துப் புதிதாகப் பண்ணினீர்களா? வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஒரே கைப்பிடியில் வரும் மிக்ஸர் போட்டிருக்கிறீர்களா? பிரஷர் பம்ப் உண்டா? உண்டென்றால் எந்த லைனில்? மாடியில் சோலார் டேங்க் மேலே ஒரு காற்றுக் குழாய் நிற்கும், முனை வளைந்திருக்கும். அதன் கீழே ஈரமோ பாசியோ இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

பானஸ்வாடி மாடிவீடு

அண்ணா, நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்துபோன மாதிரி கேட்கிறீர்கள்.

மழைக்காலத்தில் முதல் மாடிக் குளியலறையைப் புதுப்பித்தோம். சுவருக்குள் பதித்த ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர், அதிலிருந்து ஒரு ஹேண்ட் ஷவர். ஷவர் தலையிலேயே அழுத்தும் பட்டன் இருக்கிறது. அதே சமயத்தில் பிரஷர் பம்பும் போட்டோம். இரண்டாம் மாடி ஷவரில் தண்ணீர் வேகமில்லாமல் சொட்டுச் சொட்டாக வருகிறது என்று வாடகைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். பம்ப் மாடியில், ஓவர்ஹெட் டேங்கிலிருந்து கீழே இறங்கும் பச்சைத் தண்ணீர் லைனில் இருக்கிறது. சோலாருக்குப் போகும் லைன் பம்புக்கு முன்னாடியே பிரிகிறது.

காற்றுக் குழாயைப் பார்த்தேன். டேங்கின் பக்கவாட்டில் நீளமாக ஒரு பச்சைக் கோடு, நல்ல பாசி. அதற்கு நேர் கீழே தரையில் சுண்ணாம்புப் படிவம், தட்டு அகலத்துக்கு வெள்ளையாக. இதுவரை மழைத்தண்ணீர் என்று நினைத்திருந்தேன்.

குழாயும் குறடும்

சரி, ஆள் அகப்பட்டுவிட்டான்.

உங்கள் ஓவர்ஹெட் டேங்கிலிருந்து முதல் மாடிக் குளியலறைக்கு உயரம் ஏழு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டருக்கு ஒரு பார் கணக்கு. சோலார் வெந்நீர் இறங்குவது வெறும் உயரத்தில்தான், அதாவது 0.7 பார். பச்சைத் தண்ணீர் பம்ப் வழியாக வருகிறது, அது ஒன்றரை இரண்டு பார் தள்ளும். இந்த இரண்டும் சந்திக்கும் இடம் அந்த மிக்ஸர். உங்கள் வீட்டில் யாரோ சூட்டைச் சரிபார்த்துக் கைப்பிடியை நடுவில் வைத்துவிட்டு, நிறுத்துவதற்கு ஷவர் தலையில் இருக்கும் பட்டனை மட்டும் அழுத்துகிறார்கள். அடுத்த ஆளுக்கும் அதே சூடு வேண்டுமே என்று கைப்பிடியைத் தொடுவதில்லை. சரிதானே?

அப்போது மிக்ஸருக்கு இரண்டு வாசலும் திறந்திருக்கிறது, வெளியே போகும் வழி மட்டும் அடைப்பு. பலமாக வரும் பச்சைத் தண்ணீர் வேறு என்ன செய்யும்? பலவீனமான வெந்நீர்க் குழாய்க்குள் எதிர்த்து ஏறும். கொஞ்சம் கீழே சமையலறைக்கு ஓடும், அதுதான் அம்மாவுக்கு 34 டிகிரி. மிச்சம் மேலே சோலார் டேங்குக்குள் போய், காற்றுக் குழாய் வழியே மாடியில் கொட்டும், அதுதான் பாசி. பம்ப் ஓடும் சத்தத்தை யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள், குளிக்கும் நேரத்தில் ஓடத்தானே செய்யும் என்று இருந்திருப்பீர்கள்.

உறுதி செய்ய ஒரு சோதனை. மாடியில் சோலார் டேங்கிலிருந்து வெந்நீர் இறங்கும் குழாயில் கேட் வால்வு இருக்கும், அதை முழுக்க மூடுங்கள். மிக்ஸர் கைப்பிடியை வழக்கம்போல நடுவில் வையுங்கள், ஷவர் பட்டன் மூடியிருக்கட்டும். கீழே சமையலறையில் வெந்நீர்க் குழாயைத் திறங்கள். குழாயில் தேங்கி நிற்கும் தண்ணீர் வடிந்து நின்றுபோக வேண்டும். நிற்காமல் கொட்டிக்கொண்டே இருந்தால் அது சோலாரிலிருந்து வரும் தண்ணீரே இல்லை. அப்படியே மிக்ஸரை முழுக்க மூடிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: சோதனை முடிந்ததும் வால்வைத் திறந்துவிடுங்கள். காற்றுக் குழாயை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள். சிலர் தண்ணீர் கொட்டுகிறதே என்று மூடி போட்டுவிடுவார்கள். சாதா டேங்க் பிரஷரைத் தாங்கவே தாங்காது, வெல்டிங் பிளக்கும். தண்ணீர் இறங்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி டேங்க் நசுங்கிப்போன வீட்டையும் பார்த்திருக்கிறேன்.

மடிவாளா டு மான்செஸ்டர்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் இப்போது இங்கிலாந்தில் இருக்கிறேன், அம்மா வீடு மடிவாளாவில். இங்கே வீடு முழுக்கச் சூடாக்கும் சென்ட்ரல் ஹீட்டிங். கேஸ் பாய்லர் ஒன்று, அறைக்கு அறை ரேடியேட்டர். சாமான் வேறு, ஆனால் தேடும் முறை இதேதான். ரேடியேட்டரின் மேல்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று, ஓரத்தில் இருக்கும் சிறு திருகைத் திறந்து காற்றை விட வேண்டும். அடிப்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் துருச்சேறு. பாய்லரின் அழுத்தமானி ஆறிய நிலையில் 1-க்கும் 1.5 பாருக்கும் நடுவில் நிற்க வேண்டும், கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு. இங்கேயும் முதலில் வருபவர் பாய்லரையே மாற்றச் சொல்வார்!

அம்மா வீட்டில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது. அதுவும் இந்த மாதிரிதானா?

குழாயும் குறடும்

மான்செஸ்டர், உங்களுக்கு இரண்டு வாய்ப்பு. அம்மா வீட்டு ஓவர்ஹெட் டேங்கில் கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவே வெதுவெதுப்பாக இருந்தால், சோலாருக்குப் பச்சைத் தண்ணீர் போகும் வாசலில் இருக்கும் என்.ஆர்.வி., அதாவது தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு, கெட்டுப் போயிருக்கிறது, அல்லது போடவே இல்லை. டேங்க் காலியாகும்போது சோலாரிலிருந்து சூடான தண்ணீர் பின்னோக்கிப் போய்விடும். ஓவர்ஹெட் டேங்க் குளிர்ச்சியாக இருந்து குழாயில் மட்டும் சூடு வந்தால், இவர் வீட்டுக் கதை தலைகீழாக நடக்கிறது.

பானஸ்வாடி மாடிவீடு

சோதனை செய்தேன். மாடி வால்வை மூடிய பிறகும் சமையலறையில் வெந்நீர்க் குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது, அதுவும் வழக்கத்தைவிட வேகமாக! அம்மா கீழே நின்று தண்ணீர் வருது வருது என்று கத்த, நான் மேலேயிருந்து இறங்கி மிக்ஸர் கைப்பிடியைக் கீழே அமுக்கினேன். அந்த நொடியே நின்றுவிட்டது. பம்பும் சத்தம் அடங்கிவிட்டது.

நடுவில் வைப்பது என் பையன். சரியான சூடு கிடைக்க ரொம்ப நேரம் ஆகுதாம், அதனால் மூட மாட்டானாம்.

அல்சூர்க்காரன்

அப்படியானால் எல்லா மிக்ஸருக்கும், வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டு பக்கமும் என்.ஆர்.வி. போட்டுவிட்டால் முடிந்தது. சின்னச் செலவுதான். பையனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

குழாயும் குறடும்

பையனைத் திட்ட வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்.ஆர்.வி. மட்டும் போட்டால் பாதி வேலைதான் நடக்கும். எதிர்த்து ஏறுவது நிற்கும், சரி. ஆனால் பட்டனைத் திறந்ததும் இரண்டு பார் பச்சைத் தண்ணீரும் 0.7 பார் வெந்நீரும்தான் மோதும். என்.ஆர்.வி. தன் பங்குக்கு வெந்நீரின் வேகத்தை இன்னும் குறைக்கும். ஸ்பிரிங் வைத்தது என்றால் அதைத் தள்ளித் திறக்கவே கொஞ்சம் அழுத்தம் வேண்டும், புவியீர்ப்பில் இறங்கும் லைனுக்கு அது ஆகாது. மடல் வகைதான் போட வேண்டும். அதையும் எல்லா இடத்திலும் போட்டால் நாளைக்கு எது சிக்கிக்கொண்டது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

மூல காரணம் ஒரு பக்கம் பம்ப், மறுபக்கம் இல்லை என்பது. அதைச் சமன் செய்யணும்.

அல்சூர்க்காரன்

வெந்நீர் லைனுக்கும் ஒரு பம்ப் போட்டால்?

குழாயும் குறடும்

போடலாம், வெந்நீர் தாங்கும் பம்பாக இருக்க வேண்டும். டேங்கிலிருந்து வெளியேறும் குழாயில் வைக்கணும், உள்ளே போகும் குழாயில் அல்ல. ஆனால் இவருக்கு அது தேவையில்லை. பம்ப் வேண்டும் என்று கேட்டது இரண்டாம் மாடிக்காரர். பானஸ்வாடி, அவர்கள் குளியலறையில் மிக்ஸரா, தனித்தனிக் குழாயா?

பானஸ்வாடி மாடிவீடு

தனித்தனிக் குழாய்கள்தான். பச்சைத் தண்ணீரில் மட்டும் ஷவர். வெந்நீரை வாளியில் பிடித்துக்கொள்வார்கள்.

குழாயும் குறடும்

அப்படியானால் வேலை சுலபம். பம்ப் லைன் இரண்டாம் மாடிக்கு மட்டும் போகட்டும். அங்கே இரண்டு தண்ணீரும் சந்திக்கவே இடமில்லை, அதனால் அவர்களுக்குப் பிரச்சினையும் இல்லை. முதல் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் பம்புக்கு முன்னாலிருந்து ஒரு தனிக் குழாயை, குழாய்கள் இறங்கும் டக்ட் வழியாக இறக்கச் சொல்லுங்கள். இரண்டு தண்ணீரும் ஒரே உயரத்திலிருந்து வரும், கிட்டத்தட்டச் சம பலம். பாதுகாப்புக்கு அந்தக் குளியலறைக்குப் பிரியும் வெந்நீர்க் கிளையில் மட்டும், டக்ட்டிலேயே கைக்கு எட்டும் இடத்தில், ஒரு மடல் வகை என்.ஆர்.வி. அம்புக்குறி குளியலறைப் பக்கம் பார்க்கட்டும். டைல்ஸ் ஒன்றைக்கூட உடைக்க வேண்டாம். வெந்நீர் லைனில் எதைச் சேர்த்தாலும் சி.பி.வி.சி.தான், அது 90 டிகிரி தாண்டியும் தாங்கும். அவசரத்துக்கு வெள்ளை பி.வி.சி. துண்டு ஒட்டிவிட்டுப் போவார்கள், ஒரே கோடையில் வளைந்து தொங்கும்.

ஷவர் வேகம் குறையும். அதைப் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஓரத்துக் குடித்தனம்

நான் பி.டி.எம்.மில் வாடகைக்கு இருக்கிறேன். எங்களுக்கு போர் தண்ணீர்தான், போதாததற்கு டேங்கர். சோலார் இருந்தும் வெந்நீர் வருவதே இல்லை. ஓனரிடம் கேட்டால் குளிர்காலத்தில் அப்படித்தான் இருக்கும் என்கிறார். மாடிக்குப் போய்ப் பார்த்தேன், கண்ணாடிக் குழாய் இல்லை, இரண்டு கறுப்புத் தகடு மேலே கண்ணாடி. சாயங்காலமே டேங்க் 35 டிகிரிதான்.

எச்.ஏ.எல். ஓய்வு

உங்களுடையது முதல் வகை, உற்பத்தியே இல்லை. அது தட்டைத் தகடு கலெக்டர். உள்ளே விரல் தடிமன்கூட இல்லாத செம்புக் குழாய்கள் வரிசையாக ஓடும். சூடான தண்ணீர் லேசாகி மேலே போக, குளிர்ந்தது கீழே வர, பம்ப் இல்லாமல் தானே சுற்றும் ஏற்பாடு. போர் தண்ணீரின் சுண்ணாம்பு அந்தச் செம்புக் குழாய்களை அடைத்துவிட்டால் சுற்று நின்றுவிடும். நல்ல வெயிலில் தகட்டின் மேல்முனைக் குழாயைத் தொட்டுப் பாருங்கள். தகடு கொதிக்கிறது, ஆனால் டேங்குக்குப் போகும் குழாய் ஆறிக் கிடக்கிறது என்றால் அடைப்பு, அல்லது நடுவில் காற்று சிக்கியிருக்கிறது.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை. ஊரின் பல போர்களில் அந்த 600-ம் தாண்டும். 60 டிகிரிக்கு மேல் சுண்ணாம்பு வேகமாகப் படியும். ஆகவே சோலார் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

குழாயும் குறடும்

அடைப்பை எடுக்க சல்பாமிக் அமிலமோ சிட்ரிக் அமிலமோ போட்டுச் சுற்றவிட்டு, நிறைய நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைக் கொண்டுவந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள். அது ஹைட்ரோகுளோரிக். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்கில் குளோரைடு பட்டால் ஊசிமுனை ஓட்டைகள் விழும், சில மாதத்தில் வெல்டிங் ஓரமெல்லாம் வியர்க்க ஆரம்பிக்கும். டேங்குக்குள் மெக்னீஷியம் கம்பி ஒன்று இருக்கிறதா என்றும் கேளுங்கள். அரிப்பை அது தன்மேல் வாங்கிக்கொண்டு டேங்கைக் காப்பாற்றும். கரைந்து வெறும் நடுக்கம்பி மட்டும் நின்றால் மாற்ற வேண்டியதுதான்.

வருஷக்கணக்கில் போர் தண்ணீர்தான் என்றால், தகட்டுக்குள் தனித் திரவம் ஓடி, டேங்கை வெளியிலிருந்து சூடாக்கும் வகைக்கு மாறலாம். அது ஓனர் பாடு.

சித்ரான்னம்

டேங்கர் பற்றிச் சொன்னதால் ஞாபகம் வருகிறது. 2024 கோடையில் ஊரே தண்ணீர் இல்லாமல் தவித்ததே, அப்போது எங்கள் தெருவில் நிறைய வீடுகளில் கண்ணாடிக் குழாய்கள் டப் டப்பென்று வெடித்தன. டேங்க் காலி, குழாய்கள் வெறுமனே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. மத்தியானம் டேங்கர் வந்ததும் மோட்டாரைப் போட்டார்கள். காய்ந்து கிடக்கும் கண்ணாடிக்குள் பச்சைத் தண்ணீர் பட்டால் கேட்கவா வேண்டும். தண்ணீர் தீர்ந்தால் சோலாருக்குப் போகும் வால்வை மூடிவிடுங்கள். இருட்டிய பிறகு அல்லது சூரியன் ஏறும் முன் திறந்து நிரப்புங்கள். காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் வந்த பிறகு எங்கள் பக்கம் கொஞ்சம் பரவாயில்லை.

ஓரத்துக் குடித்தனம்

ஓனர் இந்த இழையைப் படித்துவிட்டு ஒரு ஆளை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை சின்ன கேஸ் கீசர் ஒன்றைக் குளியலறையில் மாட்டிக்கொள்ளலாமா? நண்பர் ஒருவர் தருகிறார்.

எச்.ஏ.எல். ஓய்வு

வேண்டவே வேண்டாம். மூடிய குளியலறைக்குள் கேஸ் எரிந்தால் பிராணவாயு குறைந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமில்லை, மணமில்லை. தலைசுற்றுகிறது என்று தெரிந்து கதவைத் திறப்பதற்குள் ஆள் விழுந்துவிடுவார். குளிர்காலத்தில் ஜன்னலையும் சாத்திக்கொள்வோம், அப்போதுதான் இந்த மரணங்கள் நடக்கின்றன. கேஸ் கீசர் கட்டாயம் என்றால் குளியலறைக்கு வெளியே, திறந்த பால்கனியிலோ யூட்டிலிட்டியிலோ மாட்டிக் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். தற்காலிகத்துக்கு அடுப்பில் அண்டா வைத்துக் கொள்ளுங்கள்.

பானஸ்வாடி மாடிவீடு

வேலை முடிந்தது. தனிக் குழாய் இறக்கி, டக்ட்டில் என்.ஆர்.வி. மாட்டியாயிற்று. இன்று காலை பையன் கைப்பிடியை நடுவிலேயே விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டான், சோதனை தானாகவே நடந்தது. அதே நேரத்தில் சமையலறையில் 51 டிகிரி. எல்லோரும் குளித்த பிறகு டேங்க் 50. காற்றுக் குழாய்க்குக் கீழே தரை காய்ந்திருக்கிறது. ஷவர் வேகம் குறைந்ததற்கு வீட்டில் ஒரு எதிர்ப்புக் குரல் உண்டு.

ஒரு சந்தேகம் மிச்சம். கீழே அம்மாவுக்கு வெந்நீர் வருவதற்குள் அரை வாளித் தண்ணீர் வீணாகிறது. இதுவும் கோளாறா?

எச்.ஏ.எல். ஓய்வு

இல்லை, அது குழாயின் கொள்ளளவு. முக்கால் அங்குல சி.பி.வி.சி. மீட்டருக்குக் கால் லிட்டர் பிடிக்கும், ஓர் அங்குலம் என்றால் 0.43 லிட்டர். மாடியிலிருந்து உங்கள் சமையலறைக்கு 25 மீட்டர் ஓடினால் ஆறு முதல் பதினோரு லிட்டர் வரை ராத்திரி ஆறிப்போன தண்ணீர் வெளியே வந்தாக வேண்டும். அதை ஒரு வாளியில் பிடித்துத் துணி துவைக்க வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டைமர் வைத்துச் சுற்றவிடும் பம்ப் போடலாம், ஆனால் அதற்குத் திரும்பி வரும் குழாய் ஒன்றும் வேண்டும். கட்டி முடித்த வீட்டில் அது வீண் செலவு.

குழாயும் குறடும்

மாடியில் வெளியே ஓடும் வெந்நீர்க் குழாய்க்குக் கறுப்பு ஃபோம் உறை இருந்தால் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வெயிலில் இரண்டு மூன்று வருஷத்தில் பிஸ்கட் போல உதிரும். புது உறை போட்டு, மேலே அலுமினியம் டேப் இடைவெளியில்லாமல் சுற்றச் சொல்லுங்கள். சூடு வரும் நேரம் குறையாது, ஆனால் ஒருவர் குளித்து அடுத்தவர் போகும் இடைவெளியில் குழாய்த் தண்ணீர் ஆறாமல் நிற்கும்.

பானஸ்வாடி மாடிவீடு

உதிர்ந்துதான் கிடக்கிறது, மாற்றிவிடுகிறேன். அப்பா ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். டேங்கில் இருக்கும் 2 கிலோவாட் மின்சாரக் காயிலை, மழை நாளில் ராத்திரி படுக்கும்போதே போட்டுவிடலாமா, காலையில் போடணுமா?

எச்.ஏ.எல். ஓய்வு

காலையில். மழை நாளில் டேங்க் 30 டிகிரியில் இருந்தாலும், 200 லிட்டரையும் 45-க்குக் கொண்டுபோக மூன்றரை யூனிட், அதாவது சுமார் ஒன்றேமுக்கால் மணி நேரம். நாலு மணிக்கு டைமர் வைத்தால் ஆறு மணிக்குத் தயார். ராத்திரியே போட்டால் விடியும்வரை விட்டுவிட்டு ஓடும், சூடும் கசிந்துகொண்டே இருக்கும். தெர்மோஸ்டாட்டை 50-க்கு மேல் வைக்க வேண்டாம், போர் தண்ணீர் கலந்தால் காயிலில் சுண்ணாம்பு ஏறும். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, டேங்குக்கு எர்த் ஒழுங்காகப் போயிருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லிவிட்டு முதல் முறை போடுங்கள். டேங்கில் தண்ணீர் இல்லாதபோது மட்டும் சுவிட்சைத் தொடாதீர்கள், காயில் கருகிவிடும்.

பானஸ்வாடி மாடிவீடு

ஆர்.சி.சி.பி. இருக்கிறது, எர்த்தை ஞாயிற்றுக்கிழமை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். டைமரும் அன்றைக்கே மாட்டிவிடுகிறோம்.